ஓடும் அமைப்பு, எழுதிய அமைப்பு

வங்கிக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பழக்கமான ஒரு பதில் உண்டு. "சர்வர் டவுன் சார், அரை மணி கழிச்சு வாங்க." கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கு அது சாக்கு மாதிரிதான் படும். உள்ளே இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சாக்கு இல்லை. ஆனால் பல நேரம் சர்வர் பாட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகிற வழியில் யாரோ, எப்போதோ மாற்றி வைத்த ஒரு செட்டிங்தான் காலை வாரியிருக்கும்.

அந்த மாதிரி செட்டிங்கை மாற்றுகிற ஒரு கருவியைப் பற்றியும், அதற்கு எழுதப்பட்ட கையேட்டைப் பற்றியும், இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதைப் பற்றியும்தான் இந்தப் பதிவு. கேட்கும்போதே கொட்டாவி வரும், தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். நம் பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுபவன் இல்லை. பி.காம். படித்து, பரீட்சை எழுதி வங்கிக்குள் வந்தவன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றல் மேல் மாற்றலாகி இப்போது மைசூருவில் வந்து நிற்கிறேன். நடுவே சில வருடம் கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்யும் பிரிவில் போட்டிருந்தார்கள். அங்கே ஒட்டிக்கொண்ட அறிவுதான் இது.

பெட்டி மேல் ஒட்டிய சீட்டு

முதலில் வங்கிக்கு நெட்வொர்க் வந்த கதை. ரிசர்வ் வங்கி 1996இல் ஹைதராபாத்தில் ஐ.டி.ஆர்.பி.டி. என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. வங்கித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிறுவனம். அவர்கள் மூலமாக 1999 ஜூனில் இன்ஃபினெட் வந்தது. வங்கிகளுக்குள் மட்டும் ஓடுகிற தனி நெட்வொர்க். முதலில் செயற்கைக்கோள் வழியாகத்தான். மொட்டை மாடியில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும், மழை வலுத்தால் இணைப்பு போய்விடும். 2004 மார்ச்சில் ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் நெஃப்ட் எல்லாம் இந்த மாதிரி அடித்தளம் இருந்ததால்தான் வர முடிந்தது.

அந்தக் காலத்தில் செட்டிங் என்றால் அது ஒரு பெட்டிக்குச் சொந்தம். ரௌட்டர் என்று ஒரு பெட்டி, மோடம் என்று ஒரு பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு சீட்டை செல்லோடேப்பில் ஒட்டி, ஐ.பி. எண்ணையும் கம்பெனிக்காரரின் போன் நம்பரையும் எழுதி வைத்திருப்பார்கள். அதுதான் ஆவணம்! சிரிக்காதீர்கள், அந்தச் சீட்டு எத்தனையோ கிளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. மேனேஜர் மாறலாம், கிளார்க் ஓய்வு பெறலாம். பெட்டி இருக்கும் இடத்தில் சீட்டும் இருக்கும்.

இனிஷியல் போட்ட கையேடு

கணினிக்காரர்களின் கையேட்டுப் பழக்கம் இதைவிடப் பழையது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதினார்கள். அதன் முதல் கையேட்டில் போட்டிருக்கும் தேதி 1971 நவம்பர் 3. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம் மாதிரி. கட்டளையின் பெயர், எப்படி அடிப்பது, என்ன செய்யும், எந்தக் கோப்புகளைத் தொடும் என்று ஒரே ஒழுங்கு. இன்றைக்கும் லினக்ஸில் 'மேன்' என்று அடித்துக் கட்டளையின் பெயரைப் போட்டால் ஏறக்குறைய அதே ஒழுங்கில்தான் பக்கம் வரும்.

அந்த முதல் கையேட்டில் எனக்குப் பிடித்தவை இரண்டு தலைப்புகள். ஒன்று 'பக்ஸ்'. இந்தக் கட்டளையில் இன்னின்ன குறை உண்டு என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்கிற இடம். இரண்டாவது 'ஓனர்'. இந்தக் கட்டளைக்கு யார் பொறுப்பு என்று கீழே இருக்கும், ரிட்சி என்றால் அவருடைய மூன்றெழுத்து இனிஷியல். வவுச்சரில் இனிஷியல் இல்லாமல் பணம் நகராது என்று பழகிய எனக்கு இதைப் பார்த்ததும், "அட, நம்ம ஆளு" என்று தோன்றியது.

1983இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை வந்தது. கணினியின் நெட்வொர்க் முகவரியை அடித்து மாற்றுவதற்கு. நம் கதையின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கட்டளையால் செய்யும் மாற்றம் அந்த நிமிடமே அமலுக்கு வரும். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் போயே போச்சு. நிலைக்க வேண்டும் என்றால் கணினி எழும்போது படிக்கிற கோப்பில் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

சிஸ்கோ ரௌட்டர்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். அங்கே ஓடும் அமைப்பு என்று ஒன்று, எழும்போது படிக்கும் அமைப்பு என்று ஒன்று. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதில் சேமிக்காமல் வீட்டுக்குப் போனால், அடுத்த கரண்ட் கட்டில் செய்ததெல்லாம் காலி. எங்கள் பாஷையில் சொன்னால், கேஷ் கொடுத்தாகிவிட்டது, லெட்ஜரில் ஏறவில்லை.

பெட்டியே இல்லாத நெட்வொர்க்

அப்புறம் பெட்டிகளே மறைய ஆரம்பித்தன. ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போல நடத்துவது புது யோசனை இல்லை. ஐ.பி.எம். 1972லேயே வி.எம்./370 என்று பெரிய கணினிகளுக்கு அதைக் கொடுத்தது. சாதாரண கணினிக்கு வந்தது பின்னால்தான். 1999இல் வி.எம்.வேர், 2003இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஸென், 2007இல் லினக்ஸின் உள்ளேயே சேர்க்கப்பட்ட கே.வி.எம். இவற்றைத்தான் மெய்நிகர் கணினி என்கிறார்கள்.

பத்து மெய்நிகர் கணினிகள் ஒரு பெட்டிக்குள் இருந்தால் அவை ஒன்றோடொன்று பேச வேண்டுமே? அதற்கு மெய்நிகர் நெட்வொர்க். கேபிள் கிடையாது, சுவிட்ச் கிடையாது, எல்லாம் மென்பொருள். கவனியுங்கள், சீட்டு ஒட்டுவதற்குப் பெட்டியும் கிடையாது! செல்லோடேப் ஆவணம் செத்தது இந்த இடத்தில்தான்.

லினக்ஸ் உலகில் இவற்றை நிர்வகிக்க 2005இல் ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்த டேனியல் வெயார் தொடங்கிய திட்டம் 'லிப்வர்ட்'. அதைக் கட்டளை அடித்து ஓட்டும் கருவியின் பெயர் 'விர்ஷ்'. நிறுவினவுடன் 'டிஃபால்ட்' என்ற பெயரில் ஒரு மெய்நிகர் நெட்வொர்க்கை அதுவே போட்டுக் கொடுக்கும். முகவரி 192.168.122 என்று தொடங்கும். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு 2இலிருந்து 254 வரை ஏதாவது ஓர் எண்ணை அதுவே கொடுக்கும்.

இந்த நெட்வொர்க்கின் அமைப்பை மாற்ற முதலில் இருந்த வழி 'நெட்-எடிட்'. கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் அது தெரியாது. நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் தெரியும். நிறுத்தினால் உள்ளே ஓடும் கணினிகளின் இணைப்பு அறுந்துவிடும். ஒரே ஒரு கணினிக்கு நிலையான எண் கொடுக்க, பத்துக் கணினிகளையும் தொந்தரவு செய்ய வேண்டும். பகல் நேரத்தில் எந்த அலுவலகம் இதற்கு ஒத்துக்கொள்ளும்?

இதற்கு விடையாக 2012இல், லிப்வர்ட் 0.10.2 பதிப்பில், 'நெட்-அப்டேட்' வந்தது. ஓடுகிற நெட்வொர்க்கை நிறுத்தாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். கட்டளையில் நாலு விஷயம் சொல்ல வேண்டும். எந்த நெட்வொர்க், என்ன செய்ய வேண்டும் (சேர், நீக்கு, திருத்து), எந்தப் பகுதி, புது விவரம் என்ன. கடைசியில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பில்தான் உயிரே இருக்கிறது.

'லைவ்' என்று போட்டால் ஓடுகிற அமைப்பு மட்டும் மாறும். 'கான்ஃபிக்' என்று போட்டால் எழுதி வைத்த அமைப்பு மாறும், அடுத்த முறை எழும்போது அமலுக்கு வரும். இரண்டையும் சேர்த்தும் போடலாம். எதுவுமே போடாமல் விட்டால்? 'கரண்ட்' என்று எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு அர்த்தம், ஓடுவதை மட்டும் மாற்று. அதாவது, அடுத்த கரண்ட் கட் வரைக்கும்!

கையேட்டில் இது தெளிவாக இருக்கிறது. எதுவும் போடாவிட்டால் 'கரண்ட்' போட்ட மாதிரி என்று ஒரே ஒரு வாக்கியம். எல்லாப் பகுதியையும் இப்படி மாற்றிவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தானாகக் கொடுக்கும் எண்களின் வரம்பைச் சேர்க்கலாம், நீக்கலாம், திருத்த முடியாது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டியதுதான். லெட்ஜரில் அடித்தல் திருத்தல் கூடாது, ரிவர்ஸ் என்ட்ரி போட்டுவிட்டுப் புது என்ட்ரி போடு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களே, அதே மாதிரி.

லிப்வர்ட்காரர்கள் இன்னொரு நல்ல வேலையும் செய்திருக்கிறார்கள். எழுதி வைத்த அமைப்பு இருக்கும் கோப்பை நேரடியாகத் திறந்தால் தலைப்பிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும். இது தானாக உருவான கோப்பு, இங்கே கை வைத்தால் உன் மாற்றம் அழிந்து போகலாம், முறையான கட்டளை வழியாக வா என்கிற மாதிரி. கையேட்டைத் தேடிப் போகாதவனிடம் கையேடே வந்து நிற்கிறது. எல்லா மென்பொருளுக்கும் இந்த நல்ல புத்தி வர வேண்டும்.

பென்ஷன் நாள்

இதெல்லாம் யாருக்கு ஆச்சு என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் நான் பக்கத்திலிருந்து பார்த்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். ஒரே லினக்ஸ் பெட்டிக்குள் நாலைந்து மெய்நிகர் கணினிகள். ஒன்றில் காசோலைப் படங்கள், இன்னொன்றில் அவற்றின் விவரங்கள். முதலாவது இரண்டாவதை அதன் எண்ணை வைத்துத்தான் கூப்பிடும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, பெட்டி அணைந்துவிட்டது. திங்கட்கிழமை காலை போட்டார்கள். எல்லாக் கணினியும் எழுந்தன. ஆனால் விவரக் கணினிக்கு வேறு எண் கிடைத்திருந்தது. படக் கணினி பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அங்கே யாரும் இல்லை. அன்றைக்கு மாதத்தின் முதல் வேலை நாள். பென்ஷன்காரர்கள் காலை எட்டரைக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். குளுவம்மை போட்ட ஒரு பெரியவர் மட்டும் நாலு முறை வந்து, "ஆயித்தா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். காலையில் மாத்திரை வாங்கப் பணம் எடுக்க வந்தவர்.

மண்டியாக்காரத் தம்பி ஒருவர்தான் அங்கே நெட்வொர்க் பார்ப்பவர், சேர்ந்து மூன்று மாதம். "சார், செட்டிங் ஃபைல்ல இந்த நம்பரே இல்ல சார். அப்புறம் இத்தனை நாள் எப்படி ஓடுச்சுன்னே புரியல" என்றார். பாவம், அவருக்கு எப்படிப் புரியும்? எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு முந்தையவர் நெட்-அப்டேட் அடித்து நிலையான எண் கொடுத்திருக்கிறார், கடைசிக் குறிப்பு இல்லாமல். அந்த எட்டு மாதமும் பெட்டி ஒரு முறைகூட அணையவில்லை. அடித்தவர் ஹுப்பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போன் போட்டுக் கேட்டபோது அவருக்கே சட்டென்று ஞாபகம் வரவில்லை. எல்லாம் சரியாகும்போது மதியம் இரண்டு மணி.

இதில் அந்த முந்தையவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அங்கே காணாமல் போனது வேறு ஒரு காகிதம். கருவி என்ன செய்யும் என்பதற்குக் கையேடு இருந்தது, நன்றாகவும் இருந்தது. 'நாம் அந்தக் கருவியை வைத்து என்ன செய்தோம்' என்பதற்கு ஒரு வரி இல்லை. முதலாவதை உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் எழுதித் தந்துவிடுவார். இரண்டாவதை நம்மைத் தவிர யாரும் எழுத முடியாது.

ரிசர்வ் வங்கிக்கு இது தெரியாமல் இல்லை. 2011இல் கோபாலகிருஷ்ணா குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த வழிகாட்டுதல்களிலேயே மாற்றங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று இருக்கிறது. 2016 ஜூன் 2 தேதியிட்ட இணையப் பாதுகாப்புச் சுற்றறிக்கையில், வங்கி தன் நெட்வொர்க் வரைபடத்தை அவ்வப்போது புதுப்பித்து வைத்திருக்க வேண்டும் என்றே இருக்கிறது. 'புதுப்பித்து' என்பதுதான் முக்கியமான சொல். போன வருட வரைபடம் தப்பான ஊருக்கு வழி காட்டும்.

மைசூருவிலேயே இருக்கிற பாடம்

பழைய எண், புது எண் இரண்டையும் எழுதி வைப்பது எவ்வளவு முக்கியம் என்று மைசூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது 1913இல் தொடங்கிய வங்கிதான் பின்னாளில் ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர். 2017 ஏப்ரல் 1இல் அது பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. பெயர்ப்பலகை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை மாற்றுவது அப்படி இல்லை. அந்தப் பதினோரு எழுத்தில் முதல் நாலு எழுத்து வங்கியின் அடையாளம், அதுதான் மாறியது. கிளைகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று பட்டியல் போட வேண்டியிருந்தது. பட்டியல் இல்லாமல் மாற்றியிருந்தால் சம்பளமும் மானியமும் எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் பழைய பாடமும் இந்த ஊரில் உண்டு. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து இங்கே வந்தது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில்தான் இருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. கல்வெட்டு என்றதும் என் போன்ற கணக்குப்பிள்ளைக்கு ஞாபகம் வருவது உத்திரமேரூர்தான். குடவோலைத் தேர்தல் என்று எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919இல் ஒரு விதி. இரண்டே வருடத்தில், 921இல், அதைத் திருத்தி இன்னொன்று. உறுப்பினராக வயது 30இலிருந்து 60 என்று இருந்ததை 35இலிருந்து 70 என்று மாற்றினார்கள்.

பழையதைச் செதுக்கி எடுக்கவில்லை. இரண்டும் இருக்கின்றன. எந்த ஆட்சியாண்டு, அரசாணையோடு வந்த அதிகாரி யார், சபை சொல்லி எழுதியவன் யார் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறார்கள். விதி அன்றிலிருந்தே அமல், சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்கும் என்றும் சொல்லியாகிவிட்டது. லைவ், கான்ஃபிக் இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள்!

சரி, என்ன எழுத வேண்டும்?

தணிக்கைக்குப் போகும் இடத்திலெல்லாம் நான் கேட்பது பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு ரிஜிஸ்டர் போதும். ஒரு மாற்றத்துக்கு ஒரு பத்தி.

1. தேதி, நேரம், எந்த நெட்வொர்க்.
2. பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன.
3. ஏன் மாற்றினோம். (இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.)
4. அடித்த கட்டளை, கடைசிக் குறிப்பு உட்பட, ஓர் எழுத்து விடாமல்.
5. ஓடுவதில் மட்டுமா, எழுதியதிலும் சேர்த்தா. இரண்டையும் திறந்து பார்த்து ஒப்பிட்டாயா.
6. திரும்பப் பழையபடி வைக்க என்ன அடிக்க வேண்டும்.
7. செய்தவர் இனிஷியல், சரிபார்த்தவர் இனிஷியல்.

ஏழாவதை ஒரே ஆள் போடக் கூடாது. காசு எண்ணுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர் என்று கிளையில் வைத்திருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்.

இன்று வங்கிகள் பல வேலைகளை மேகக் கணினிக்குக் கொண்டுபோகின்றன. அங்கே ஒரு வலைப்பக்கத்தில் நாலு சொடுக்குப் போட்டு முழு நெட்வொர்க்கையும் மாற்றிவிடலாம். யார் எப்போது சொடுக்கினார் என்பதை இயந்திரமே குறித்து வைக்க முடியும், நல்லதுதான். ஏன் என்பதை அது குறிக்காது. மூன்றாவது வரி மட்டும் எப்போதும் மனுஷன் எழுத வேண்டியது.

பி.கு.: மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும் உத்தியோகம் இது. சாவிக்கொத்துக்கும் கேஷ் இருப்புக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு சார்ஜ் கொடுக்கிறோம். உங்கள் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்ப்பவர் போகும்போது அந்த ரிஜிஸ்டரையும் சார்ஜ் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்க ரிஜிஸ்டரே இல்லை என்றால், அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார வைத்து எழுதி வாங்குங்கள். வாசலில் பென்ஷன்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது ஹுப்பள்ளிக்குப் போன் போட வேண்டாம்.